பல்கலைக்கழகமும் வட்டக்களரியும்

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகம் 1954 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் எலிசபெத் மகாராணியார் முன்னிலையில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. கலைப்பீடம் 1952 இலேயே கொழும்பிலிருந்து அங்கு குடிபெயர்ந்து வகுப்புக்களை நடத்தத் தொடங்கியிருந்தது. ஏற்கெனவே திறந்திருந்த ஒன்றைத் திறந்துவைக்க வந்த எடின்பரோக் கோமகன், பல்கலைக்கழகம் வழமையிலும் சற்று அதிகமாகத் திறக்கப்படுகின்றது எனும் பொருள்பட வேடிக்கையாகக் கூறிய சொல் இன்றளவும் பேராதனையில் நினைவுகூரப்படுவதுண்டு. வரலாற்றை நோக்குவோருக்கு அச்சொல் வேடிக்கையாக மட்டும் தோன்றுவதில்லை. மகாவலி கங்கைக்கும் ஹந்தானை மலைக்கும் இடையே பூங்கா போல் அமைந்த அவ்வளாகம் உண்மையில் யாருக்குத் திறந்திருந்தது என்ற வினாவை அது எழுப்புகின்றது.

முதலாவது உபவேந்தராகிய சேர் ஐவர் ஜெனிங்ஸ் மனத்திற் கொண்டிருந்தது ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மரபைத் தழுவிய வதிவிடப் பல்கலைக்கழகம் ஒன்றாகும். நகரத்தின் ஆரவாரத்துக்கு அப்பால், ஆசிரியரும் மாணவரும் ஒன்றாய் வாழ்ந்து கற்கும் ஓரிடம் அவரது இலட்சியமாக இருந்தது. இந்த ஒதுக்கம் கல்விக்கு நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் போதனை ஆங்கிலத்திலே நடைபெற்ற காலம் அது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் காலியிலும் இருந்த ஆங்கிலப் பாடசாலைகளிற் பயின்றோரே பெரும்பாலும் அவ்வளாகத்தினுட் பிரவேசித்தனர். மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில் வேளாண்மை செய்தவன் பிள்ளைக்கும், மன்னார்த் தீவின் மீனவன் பிள்ளைக்கும் பேராதனை ஓர் ஊரின் பெயர் மாத்திரமே.

இத்தகைய பல்கலைக்கழகமொன்று எட்டு ஆண்டுகளின் பின்னர், 1962 இல், 'கர்ணன் போர்' என்னும் வடமோடிக் கூத்தை மேடையேற்றியது. ஆடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். பழக்கியவர் வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். தயாரித்தவர் தமிழ்த்துறை விரிவுரையாளராக விளங்கிய கலாநிதி சு. வித்தியானந்தன். ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர் எவரும் இந்நிகழ்ச்சியைத் தவிர்த்துச் செல்வதில்லை. பேராசிரியர் ஒருவர் கிராமத்துக்குச் சென்றார், அழிந்துகொண்டிருந்த கலையைக் கண்டார், அதனை மீட்டெடுத்து நாட்டுக்கு அளித்தார் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அது பொய்யன்று; ஆனால் அது பாதிக் கதையே. மறுபாதியிற் கிராமமும் இருக்கின்றது, அண்ணாவியாரும் இருக்கின்றார்.

வித்தியானந்தனுக்கு முன்னரும் தமிழ்த்துறையினர் நாடகத்தில் ஈடுபட்டிருந்தனர். முதலாவது தமிழ்ப் பேராசிரியராகிய விபுலாநந்த அடிகள் கூத்து வளமிக்க கிழக்கு மண்ணிலே, காரைதீவிற் பிறந்தவர். எனினும் 1926 இல் வெளிவந்த அவரது 'மதங்க சூளாமணி' சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையுமே பெரிதும் எடுத்தாண்டது. அவரையடுத்து அப்பதவியை வகித்த க. கணபதிப்பிள்ளை வேறு வழியிற் சென்றார். 1936 தொடக்கம் பல்கலைக்கழகக் கல்லூரித் தமிழ்ச் சங்கத்துக்காக அவர் எழுதிய நாடகங்களில் யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணையிலும் அடுக்களையிலும் வழங்கிய பேச்சுமொழி அவ்வாறே மேடைக்கு வந்தது. 'உடையார் மிடுக்கு' முதலிய நான்கு நாடகங்கள் 1940 இல் 'நானாடகம்' என்ற பெயரில் நூலாயின. செந்தமிழே மேடைக்குரியது என்று கருதப்பட்ட காலத்தில் இது துணிகரமான செயல். ஆனால் அவர் கிராமத்தின் மொழியைக் கொண்டுவந்தாரே தவிர, கிராமத்தின் அரங்கைக் கொண்டுவரவில்லை. அந்நாடகங்களின் கட்டமைப்பு ஐரோப்பிய உரைநடை நாடகத்தின் கட்டமைப்பே.

அரங்கைப் பற்றிய சிந்தனை சிங்கள நாடகத் துறையிலிருந்து வந்தது. பேராதனையிற் கற்பித்த எதிரிவீர சரச்சந்திர 1953 இற் சிங்களக் கிராமிய நாடகத்தைப் பற்றிய ஆய்வு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1955 இல் யப்பானுக்குச் சென்று கபுகி, நோ ஆகிய அரங்க மரபுகளை நேரிற் கண்டார். 1956 நவம்பரில் அவரது 'மனமே' மேடையேறிற்று. 'நாடகம்' எனச் சிங்களத்தில் வழங்கும் கூத்து வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, அம்பலாங்கொடையைச் சேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சேயின் துணையுடன், பல்கலைக்கழக மாணவர்களை நடிக்கவைத்து உருவாக்கப்பட்ட படைப்பு அது. அந்த 'நாடகம்' என்ற வடிவமோ மேற்குக் கரையோரக் கத்தோலிக்கர் ஊடாகத் தமிழ்க் கூத்திலிருந்து சிங்களத்துக்குச் சென்றது என்பதைச் சரச்சந்திரவே தமது ஆய்விற் காட்டியிருந்தார். தமிழரிடமிருந்து சென்ற செல்வத்தைக் கொண்டு சிங்களவர் தமக்கொரு தேசிய அரங்கைச் சமைத்துக்கொண்டிருக்கையில், அதே வளாகத்திலிருந்த தமிழ்த்துறை வாளாவிருத்தல் இயலாதாயிற்று. 1956 ஆம் ஆண்டு தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டு என்பதும் மறக்கத்தக்கதன்று. தமக்கென ஒரு பண்பாட்டு முகம் வேண்டும் என்ற வேட்கை தமிழ் மாணவரிடையே அன்று மிக்கிருந்தது.

வித்தியானந்தன் தெல்லிப்பழையைச் சேர்ந்த வீமன்காமத்திற் பிறந்தவர். இலண்டனிற் பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950 இற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். சங்க இலக்கியத்திற் பயின்ற ஒருவர் நாட்டுப் பாடலிலும் நாட்டுக்கூத்திலும் தம்மை ஈடுபடுத்தியமை அக்காலத்துப் பண்டிதர் பலருக்கு விந்தையாகவே தோன்றியிருக்கும். 'கூத்தாடி' என்பது வசைச் சொல்லாகவும், 'இது என்ன கூத்து' என்பது எள்ளலாகவும் வழங்கிய சமூகம் அது. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமைதாங்கிய காலத்தில் அவர் மட்டக்களப்பு, மன்னார், முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் ஆகிய பிரதேசங்களிற் கூத்துக்களைத் தேடிச் சென்றார். பாடசாலைகளுக்கிடையிற் போட்டிகளை ஒழுங்குசெய்தார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துக்கள் அச்சேறின. மட்டக்களப்பின் 'அலங்கார ரூபன் நாடகம்' 1962 இலும், மன்னார்க் கத்தோலிக்க மரபின் 'எண்டிரீக் எம்பரதோர் நாடகம்' 1964 இலும், 'மூவிராசாக்கள் நாடகம்' 1966 இலும், 'ஞானசவுந்தரி நாடகம்' 1967 இலும் அவரது பதிப்பில் வெளிவந்தன. சைவ மரபில் வந்த ஒருவர் கிறித்தவக் கூத்துக்களை இத்துணை அக்கறையோடு பதிப்பித்தமை தனித்து எடுத்துக் கூறத்தக்கது.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. பல்கலைக்கழகத்தார் தேடிச் சென்ற பிரதேசம் அறிவில் வெறுமையான நிலமாக இருக்கவில்லை. மட்டக்களப்பில் வித்துவான் எப். எக்ஸ். சி. நடராசா அதே 1962 இல் 'மட்டக்களப்பு மான்மியம்' என்னும் ஏட்டைப் பதிப்பித்தார். பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964 இல் வெளிவந்தது. பல்கலைக்கழகப் பதவி எதுவுமின்றித் தம் ஊர் வரலாற்றையும் வழக்காறுகளையும் திரட்டிய இவர்கள் போன்றோரின் உழைப்பு பல்கலைக்கழக ஆய்வுக்கு முன்னரே களத்தில் இருந்தது. கிராமத்தையும் வளாகத்தையும் இணைத்த பாலம் இவர்கள் என்றாற் பொருந்தும்.

இனி, வளாகத்துக்கு வந்த அக்கூத்து கிராமத்தில் எவ்வாறிருந்தது என்பதை நோக்குதல் வேண்டும். மட்டக்களப்பில் ஒரு கூத்து ஆடப்படுவதென்பது ஓர் இரவு நிகழ்ச்சியன்று; பல மாதங்கள் நீடிக்கும் ஊர் முயற்சி. வேளாண்மை வெட்டி முடிந்து கை ஓய்ந்திருக்கும் நாட்களில் ஊர்ப் பெரியோர் கூடி, எந்தக் கூத்து, எந்த அண்ணாவியார் என்று தீர்மானிப்பர். அடுத்தது சட்டம் கொடுத்தல். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பது குரல் வளம், உடற்கட்டு, ஆடும் திறன் ஆகியவற்றைப் பார்த்து அண்ணாவியாரால் நிச்சயிக்கப்படும். (ஊரிற் செல்வாக்குள்ளோர் தம் பிள்ளைகளுக்கு இராச வேடம் கேட்டு வழக்காடுவதும் உண்டு.) அதன் பின்னர் இரவுதோறும் பழக்கம் நடைபெறும். ஆடுவோர் தாளக்கட்டுகளிற் காலூன்றியபின் சதங்கை அணியும் சடங்கும், அதனையடுத்து அடுக்குப் பார்த்தலும் நிகழும். ஊர் முழுவதும் அவற்றுக்கு வந்துவிடும். ஆகவே அரங்கேற்ற இரவிற் கூடியிருப்போர் கதையை அறியாதவர்கள் அல்லர். பாட்டும் ஆட்டமும் ஏற்கெனவே அவர்களது செவியிலும் கண்ணிலும் பதிந்திருக்கும். யாருடைய மகன் எந்த இடத்திற் பிழைவிடுவான் என்பது வரைக்கும் அவர்கள் அறிவர்.

மண் அணைத்து வட்டமாக அமைக்கப்படும் களரியைச் சுற்றிக் கம்புகள் நாட்டி, மேலே வெள்ளை கட்டப்படும். நாற்புறமும் சனங்கள் இருப்பர். களரியின் நடுவிலே மத்தளத்துடன் அண்ணாவியார் நிற்பார். அவரோடு சல்லரிகாரரும் பிற்பாட்டுக்காரரும் நிற்பர். அவர்களைச் சுற்றியே கூத்தர் ஆடுவர். கட்டியகாரன் வரவில் தொடங்கி, ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய வரவுத் தாளத்தோடு களரிக்கு வந்து, விடியும்வரை கூத்து நிகழும். வடமோடியிற் பாரத, இராமாயணப் போர்க்கதைகள் பெரும்பான்மை. ஆட்டம் வேகமும் மிடுக்கும் உடையது. தென்மோடியில் இசையின் இழைவும் காதற் கதைகளும் மிகுதி. ஆட்டத்தில் ஒருவன் தாளம் தவறினால் மத்தளம் அவனை மீளவும் பிடித்து நிறுத்தும். பாட்டு மறந்தால் அண்ணாவியாரின் வாய் அடியெடுத்துக் கொடுக்கும். ஆசிரியர், நெறியாளர், வாத்தியகாரர், ஏட்டின் காவலர் யாவும் ஒருவரே. களரியின் மையத்தில் அவர் நிற்பது இட வசதி கருதி மாத்திரமன்று. அந்தக் கலையின் அதிகாரமே அங்கு நிற்கின்றது.

பேராதனைக்கு இக்கூத்து வந்தபோது எவ்வெவை மாறின என்பதை அறிய இப்பின்னணி இன்றியமையாதது. விடியவிடிய ஆடப்பட்டது ஓரிரு மணித்தியாலங்களுக்குச் சுருக்கப்பட்டது. மீண்டும் மீண்டும் பாடப்பட்ட அடிகள் குறைக்கப்பட்டன. கதையோட்டத்துக்கு இன்றியமையாத பகுதிகள் தெரிந்தெடுக்கப்பட்டன. உடை, ஒப்பனை, ஒளி ஆகியவற்றிற் கவனம் செலுத்தப்பட்டது. எல்லாவற்றிலும் முக்கியமானது, வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. நாற்புறமும் இருந்து பார்த்தோர் இப்பொழுது ஒரு புறத்தில், இருட்டில், கதிரைகளில் அமர்ந்தனர். ஆடுவோர் முகத்தை மறைக்காதிருக்க வேண்டுமாயின் மேடையின் நடுவில் வாத்தியகாரர் நிற்றல் இயலாது. அவர்கள் மேடையின் ஓரத்துக்குச் சென்றனர். மத்தளம் ஒலித்தது, அதை அடித்தவர் மையத்தில் இருக்கவில்லை.

இம்மாற்றத்தை எவரும் அண்ணாவியாருக்கு அவமதிப்புச் செய்யும் நோக்கத்தோடு செய்யவில்லை. வித்தியானந்தன் அண்ணாவிமாரைப் பெரிதும் மதித்தவர். அவர்களை மேடையேற்றிக் கௌரவிக்கும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தவரும் அவரே. நகர மண்டபத்துக்கு ஏற்றதொரு வடிவம் வேண்டும், ஆங்கிலம் படித்தவனும் அமர்ந்து பார்த்துப் பெருமைப்படல் வேண்டும் என்ற தேவை அன்றைய சூழ்நிலையில் உண்மையானது. ஆனால் வரலாற்றில் நோக்கம் ஒன்று, விளைவு வேறொன்றாக அமைதல் புதிதன்று. 'வித்தியானந்தனின் கர்ணன் போர்' என்றே அது வழங்கலாயிற்று. கிராமத்தில் ஒரு கூத்துக்கு அண்ணாவியாரின் பெயரே அடையாளம். பல்கலைக்கழகத்திலோ தயாரிப்பாளரின் பெயர் அடையாளமாயிற்று. அன்றைய பல்கலைக்கழக அமைப்பில் அண்ணாவியாருக்கென ஒரு பதவி இல்லை. நாடகம் ஒரு பட்டப் பாடமாகவும் இல்லை. இரவு முழுவதும் பாடத்தக்க கூத்துக்களை நினைவில் வைத்திருந்த ஒருவர் அங்கு அறிஞராக அல்ல, விருந்தினராகவே வந்துபோக முடிந்தது.

எனினும், முன்னர் குறித்த மறுபாதி இங்கேதான் வருகின்றது. 'கர்ணன் போர்' சாத்தியமானது பேராசிரியர் கிராமத்துக்குச் சென்றதனால் மட்டுமன்று. கிராமம் தானாகவே வளாகத்துக்கு வந்திருந்தது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் நாட்டின் பல பாகங்களிலும் எழுந்த மத்திய பாடசாலைகளும் ஒரு தலைமுறையை உருவாக்கியிருந்தன. 1960 இற் கலைப்பீடத்திற் தாய்மொழி மூலப் போதனை தொடங்கியதும் அத்தலைமுறை பேராதனைக்குள் நுழைந்தது. வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலயத்திற் பயின்று அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கு சென்ற சி. மௌனகுரு அத்தகையோருள் ஒருவர். அவருக்குக் கூத்து ஆய்வுப் பொருளன்று. சிறுவயதிலேயே காலிலும் குரலிலும் ஏறியிருந்த பயிற்சி. தாளக்கட்டு என்னவென்று நூலிற் படித்து அறிந்தவர்களைக் கொண்டு 'கர்ணன் போரை' ஆடியிருத்தல் இயலாது. சென்றவர் ஒரு விரிவுரையாளர், வந்தவர்களோ பலர். கோமகன் வேடிக்கையாகச் சொன்ன திறப்பு நிகழ்ந்தது 1954 இல் அன்று, 1960 இல் என்று கொள்வதே பொருத்தமாகும்.

'நொண்டி நாடகம்' 1963 இலும், 'இராவணேசன்' 1964 இலும், 'வாலி வதை' 1967 இலும் தொடர்ந்தன. இவற்றுள் 'இராவணேசன்' தனிக் கவனத்துக்குரியது. பழைய கூத்தைச் சுருக்கி ஆடுவதை விடுத்து, வடமோடி ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டு புதிய நாடகமொன்று அதில் ஆக்கப்பட்டது. எழுத்துருவை ஆக்கியவரும் இராவணனாக ஆடியவரும் மாணவராயிருந்த மௌனகுரு. கிராமத்துக் கூத்திற் பாத்திரம் தன் உள்ளத்தை நெடிது நின்று ஆராய்வதில்லை. கதை நிகழ்ச்சிகளாகத் தொடர்ந்து செல்லும். 'இராவணேசனில்' வீரமும் மானமும் பாசமும் ஒன்றோடொன்று மோதும் ஒரு மனிதனாக இராவணன் நின்றான். இதனை வளர்ச்சி என்று சொல்வோர் உண்டு. ஐரோப்பிய அவல நாடகத்தின் கண்கொண்டு கூத்தைத் திருத்தியமை என்று சொல்வோரும் உண்டு. இரண்டும் உண்மையாக இருத்தல் கூடும். மேடையேறிய இடங்களிலெல்லாம் அது தமிழ்ப் பார்வையாளரைப் பிடித்துக்கொண்டமைக்கு ஆட்டத்தின் செழுமை ஒரு காரணம். இலங்கை வேந்தனாகிய இராவணனைத் தலைவனாகக் காணும் வேட்கை அன்றைய அரசியற் சூழலில் இருந்தமை மற்றொரு காரணம்.

விளைவு பெரிது. கூத்தென்றால் முகஞ்சுளித்த நடுத்தர வர்க்கம் அதனைத் 'தமிழரின் தேசியக் கலை' என்று பேசத் தொடங்கியது. பாடசாலை விழாக்களிற் கூத்து இடம்பெற்றது. ஆனால் இப்பேச்சில் ஒன்று மறைந்துபோயிற்று. கூத்து 'தமிழரின்' கலை ஆவதற்கு முன்னர் அது குறிப்பிட்ட ஊர்களின், குறிப்பிட்ட சாதியினரின், குறிப்பிட்ட தொழில் செய்வோரின் கலையாக இருந்தது. தேசியம் என்ற பெரும்பெயர் இவ்வேறுபாடுகளை மூடிவிட்டது. அதனை மீண்டும் திறந்துகாட்டியவர்கள் இடதுசாரிச் சார்புடைய இளைஞர்கள். மௌனகுருவின் 'சங்காரம்' 1969 இல் வடமோடி ஆட்டத்தைச் சமூக ஒடுக்குமுறைக்கு எதிரான கதைக்குப் பயன்படுத்திற்று. 1968 இன் மாவிட்டபுர ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அடுத்து, என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை' அம்பலத்தாடிகள் குழுவினராற் கூத்துருவம் பெற்றது. கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட மக்களின் கதை அவர்களுக்குப் பழக்கமான காத்தவராயன் பாங்கில் ஆடப்பட்டது. இவை பல்கலைக்கழகத்தின் தயாரிப்புக்கள் அல்ல. ஆயினும் பேராதனையிற் கூத்துக்குக் கிடைத்த மதிப்பு இல்லாவிடின் இவை எழுந்திருக்குமா என்பது ஐயமே.

யாழ்ப்பாண வளாகம் 1974 இல் நிறுவப்பட்டது. அது தனிப் பல்கலைக்கழகமாகியபோது வித்தியானந்தனே அதன் முதல் உபவேந்தரானார். எண்பதுகளில் நாடகம் அங்கு பாடநெறியாயிற்று. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து அங்கேயே கலாநிதிப் பட்டம் பெற்றார். 1985 இற் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' பல்கலைக்கழகக் கலாசாரக் குழுவினரால் யாழ்ப்பாணத்துக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அது கூத்தன்று. என்றாலும் அறுபதுகளிற் கிராமத்தை மண்டபத்துக்குக் கொண்டுவந்த பல்கலைக்கழகம், எண்பதுகளில் மண்டபத்தை விட்டுக் கிராமத்துக்குச் சென்று ஆடத் தொடங்கியமை இங்கு குறிக்கத்தக்கது. போரின் தொடக்க ஆண்டுகளில், மக்கள் தம் துன்பத்தைத் தாமே பார்த்துக் கலங்கிய நாடகம் அது.

இதற்கிடையிற் கிழக்கில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1981 ஆகஸ்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்குரிய இடமாக அமைந்தது வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலயத்தின் வளவு. செல்லையா அண்ணாவியாரின் ஊரில், மௌனகுரு பயின்ற பாடசாலையில், பல்கலைக்கழகம் வந்து குடியேறியது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கூத்தைத் தேடி மலைநாட்டிலிருந்து நெடுந்தூரம் வரவேண்டிய தேவை இனி இல்லை. மதிலுக்கு அப்பாலிருந்தே மத்தளம் கேட்கும்.

ஆனால் அம்மதிலைத் தாண்டி முதலிற் பெருந்திரளாக உள்ளே வந்தவர்கள் கூத்தர்கள் அல்லர். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது சுற்றுக் கிராமங்களின் மக்கள் ஆயிரக்கணக்கில் அவ்வளாகத்தில் அடைக்கலம் புகுந்தனர். விரிவுரை மண்டபங்களிலும் மரநிழல்களிலும் அவர்கள் தங்கினர். செப்டெம்பர் 5 ஆம் நாள் அங்கிருந்து 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. பல்கலைக்கழகத்துக்கும் சுற்றிலுமுள்ள சமூகத்துக்கும் இடையிலான உறவைப் பேசும் எவரும், வந்தாறுமூலையைப் பொறுத்தவரை, இந்நாளைத் தவிர்த்துப் பேசுதல் முறையன்று. கலை விழாக்களுக்கு மாத்திரமன்றி, உயிர் காக்கவும் அம்மக்கள் அந்த வாயிலை நம்பினர்.

1991 இல் மௌனகுரு யாழ்ப்பாணத்திலிருந்து இப்பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நுண்கலைத்துறை வளர்ந்தது, உலக நாடக தின விழாக்கள் நடைபெற்றன, அண்ணாவிமார் அழைக்கப்பட்டனர், 'இராவணேசன்' புதிய தலைமுறை மாணவரைக் கொண்டு மீண்டும் ஆக்கப்பட்டது. போர்க்காலத்தில், இரவில் ஊர் கூடுவதே அச்சத்துக்குரியதாகி விடியவிடிய ஆடும் வழக்கம் பல இடங்களில் அறுபட்டிருந்த நிலையில், பல்கலைக்கழக மேடை கூத்துக்கு ஓர் ஒதுங்கிடமாயிற்று என்பது மறுக்கமுடியாதது.

இந்தப் பல்கலைக்கழகத்தின் உள்ளிருந்தே அறுபதுகளின் வழிக்கு மாறான குரல் எழுந்தது. 2000 களின் தொடக்கத்தில், அங்கு விரிவுரையாளராயிருந்த சி. ஜெயசங்கர், மட்டக்களப்பு நகரை அண்மித்த சீலாமுனைக் கிராமத்தின் கூத்தரோடு இணைந்து 'கூத்து மீளுருவாக்கம்' என்னும் செயற்பாட்டை மேற்கொண்டார். கூத்தை அதன் களரியிலிருந்து பிரித்தெடுத்துத் திருத்துவதை அவர் ஏற்கவில்லை. மாற்றம் வேண்டுமாயின் அதனைக் கூத்தை ஆடும் சமூகமே, தன் களரியிலே, தன்னுள் விவாதித்துச் செய்தல் வேண்டும். ஆய்வாளன் அவ்விவாதத்திற் பங்குகொள்பவனேயன்றி அதன் தலைவன் அல்லன் என்பது அவரது நிலைப்பாடு. சாதி, பெண் பற்றிப் பழைய கூத்துப் பிரதிகளில் உள்ள கருத்துக்கள் இன்றைக்கு ஏற்குமா என்ற வினாவும் கூத்தரிடையே பேசப்பட்டது. 'சிம்மாசனப் போர்' அவ்வாறு அவ்வூரிலே மீளுருவாகியது.

அறுபதுகளின் முயற்சி கூத்தைக் காட்சிப் பொருளாக்கியது என்று இப்புதிய நோக்கினர் குறைகூறினர். கூத்து கிராமத்தில் மட்டும் தங்கியிருந்தால் நாடு அதனை அறிந்திருக்குமா, பல்கலைக்கழகமொன்றில் அது பாடமாகியிருக்குமா என மற்றையோர் வினவினர். விவாதம் சில வேளைகளிற் சூடாகவே நிகழ்ந்தது. இரு தரப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் வேறொன்று புலப்படுகின்றது. 1962 இல் இத்தகைய விவாதம் எழுந்திருக்க இயலாது. கூத்து மதிப்புக்குரியதா என்பதே அன்றைய வினா. நாற்பது ஆண்டுகளின் பின்னர் எழுந்த வினா, அம்மதிப்பு யாருக்குச் சேரவேண்டும் என்பது. முதலாவது வினாவுக்குப் பேராதனை விடையிறுத்திராவிடின் இரண்டாவது வினாவைச் சீலாமுனை கேட்டிருத்தல் அரிது. அந்த விடைக்குக் கொடுக்கப்பட்ட விலை என்னவென்பதை, மேடையின் ஓரத்தில் மத்தளத்தோடு நின்றவரின் பக்கமிருந்து முதன்முறையாகக் கணக்கிட முற்பட்டவர்கள் பின்வந்தோரே.

சீலாமுனையிற் கூத்து ஆடப்பட்டது வட்டக்களரியில். அங்கு அண்ணாவியார் மீண்டும் நடுவில் நின்றார்.